கணவாய்க் காத்தும் ஒரு ராஜாவின் வேண்டுகோளும்: தென்காசி, குற்றாலம் பழைய கட்டடங்களின் கதை

இன்னைக்கு எபிசோடுல நாம போகப்போற ஊர் தென்காசி, கூடவே குற்றாலம். "அட, அங்கதான் வருஷா வருஷம் போறோமே"ன்னு நீங்க சொல்றது கேட்குது. சீசன் ஆரம்பிச்சதும் வாட்ஸ்அப் குரூப்ல யாராவது ஒருத்தர் பிளான் போடுவார். வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி, சனிக்கிழமை பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம். சாயங்காலம் பிரானூர் பார்டர்ல பரோட்டா. ஞாயித்துக்கிழமை நேந்திரம் சிப்ஸ் பாக்கெட்டோட வீடு. இதுல ஒண்ணும் தப்பில்லை. ஆனா இந்த ட்ரிப்ல நீங்க ஒரு அறுநூறு வருஷத்தை கார் கண்ணாடி வழியா பார்த்துட்டுக் கடந்து போயிடுறீங்க. அந்த அறுநூறு வருஷத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கிறதுதான் இன்னைக்கு வேலை.

இங்கிலாந்துல சின்னச் சின்ன கிராமத்துல கூட ஊர் வரலாறுன்னு ஒரு துண்டுப் பிரசுரம் இருக்கும். சர்ச் எந்த நூற்றாண்டு, ஆலை எப்போ கட்டினது, தபால் ஆபீஸ் இருந்த வீடு எது, எல்லாம் அதுல இருக்கும். 1947-ல வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு, அங்க பழைய கட்டடங்களைப் பட்டியல் போட்டு, தரம் பிரிச்சு, இஷ்டத்துக்கு இடிக்க முடியாதபடி வச்சிருக்காங்க. கோட்டை, அரண்மனை மட்டும் இல்லை; சாதாரண குடியானவர் வீடு, சாலையோரத் தொலைபேசிக் கூண்டு வரைக்கும் அந்தப் பட்டியல்ல உண்டு. நம்ம ஊர்ல அப்படி ஒரு பட்டியல் போட்டா எதெல்லாம் வரும்? தென்காசியை வச்சே போட்டுப் பார்ப்போம்.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு இடைவெளி

முதல்ல மேப்பைத் திறங்க. மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீளமான மதில் மாதிரி வடக்கு தெற்கா நிக்குது. அந்த மதில்ல சில இடத்துல மட்டும் வாசல் இருக்கு. பெரிய வாசல் பாலக்காடு. தெற்குல இருக்கிற சின்ன வாசல் செங்கோட்டைக் கணவாய், ஆரியங்காவுக் கணவாய்னும் சொல்வாங்க. ஜூன் மாசம் கேரளாவுல தென்மேற்குப் பருவமழை அடிச்சு ஊத்தும்போது, மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நம்ம ஊர்களுக்குப் பெரும்பாலும் வெறும் காத்துதான் வரும். ஆனா இந்த வாசல் வழியா ஈரக்காத்து தென்காசிப் பக்கம் நுழைஞ்சிடுது. அதுதான் சாரல். வெயில் அடிச்சுக்கிட்டே தூறும், பாருங்க, அது இந்த ஊருக்கே உரியது.

ஊட்டி கடல் மட்டத்துல இருந்து 2,200 மீட்டருக்கு மேல இருக்கு. அது குளிர்றதுல ஆச்சரியம் இல்லை. குற்றாலம் அருவிக்கரை 200 மீட்டர் உயரம் கூடக் கிடையாது. ஆனாலும் ஜூலைல அங்க குளிரும். உயரம் செய்யாததைக் கணவாய் செய்யுது.

காத்து மட்டும் அந்த வழியா வரலை. மிளகு வந்தது, படை வந்தது, ஐயப்ப பக்தர்கள் வந்தாங்க, ரயில் வந்தது, மாநில எல்லையும் அங்கேயே வந்து நின்னது. இப்போ நான் சொல்லப்போற ஒவ்வொரு கட்டடமும் ஏதோ ஒரு விதத்துல அந்த இடைவெளியோட சம்பந்தப்பட்டதுதான்.

தலைநகரை இழந்த வம்சம் கட்டின கோயில்

தென்காசின்னாலே காசி விசுவநாதர் கோயில், உலகம்மன் சன்னதி. ஊர் நடுவுல நிக்கிற ராஜகோபுரம் ஒன்பது நிலை, சுமார் 180 அடி. வாசல்ல நின்னீங்கன்னா காத்து உங்களைத் தள்ளும். சீசன்ல வேட்டி, சேலை, துப்பட்டா எதுவும் சொன்ன பேச்சு கேட்காது. உள்ள போகும்போது ஒரு பக்கம் இருந்து தள்ளுது, வெளிய வரும்போது இன்னொரு பக்கம் இருந்து வரவேற்குதுன்னு ஊர்க்காரங்க பெருமையா சொல்வாங்க. மேற்கே கணவாய் இருக்கிறதை நினைச்சுக்கிட்டா அந்தக் காத்து எங்க இருந்து புறப்படுதுன்னு புரியும்.

இந்தக் கோயிலைக் கட்டினது பராக்கிரம பாண்டியன், 15-ஆம் நூற்றாண்டு. பாண்டியன்னா மதுரைதானே, இங்க எதுக்கு வந்தார்? அங்கதான் கதை இருக்கு. 1311-ல மாலிக் காபூர் படையெடுப்பு. அதுக்குப் பிறகு மதுரைல சுல்தான்கள் ஆட்சி. அதுக்கும் பிறகு விஜயநகரம். பாண்டியருக்கு மதுரை திரும்பக் கையில நிலைக்கலை. அந்த வம்சத்தோட ஒரு கிளை தெற்கே நகர்ந்து, இந்த மலையடிவாரத்துல காலூன்றினது. அவங்களைத்தான் தென்காசிப் பாண்டியர்னு சொல்றோம்.

1446 வாக்குல பராக்கிரம பாண்டியன் இந்தக் கோயிலைத் தொடங்குறார். வடக்கே காசிக்குப் போறதுன்னா அன்னைக்கு உயிரைப் பணயம் வைக்கிற பயணம். போறவங்க பலர் திரும்புறதில்லை. அதனால தெற்குலேயே ஒரு காசி. பக்தி ஒரு காரணம்னா, அரசியல் இன்னொரு காரணம். தலைநகரை இழந்த ஒரு அரச குலம், "இனிமே இதுதான் எங்க இடம்"னு கல்லுல சொல்றதுக்கு இதைவிடப் பெரிய வழி என்ன இருக்கு? பின்னால வந்த பாண்டியர்களுக்கு இந்த ஊர்தான் மையம். சின்ன வயசுல படிச்ச வெற்றிவேற்கை ஞாபகம் இருக்கா? அதை எழுதின அதிவீரராம பாண்டியன் இந்தத் தென்காசி வம்சம்தான். நைடதமும் அவரோடதுதான். ராஜ்யம் சுருங்கச் சுருங்க அவங்க தமிழ் மட்டும் சுருங்கலைன்னு தோணும்.

சிவகாசின்ற பேருக்கும் இதே ராஜாவோட சேர்த்து ஒரு கதை சொல்வாங்க. காசில இருந்து லிங்கத்தோட வரும்போது வழியில பசு நின்னுடுச்சு, அங்கேயே பிரதிஷ்டை பண்ணிட்டார்னு. கதையை கதையா எடுத்துக்கலாம். ஆனா "காசி"ன்ற பேர் இந்தப் பக்கம் எத்தனை ஊர்ல ஒட்டிக்கிட்டு இருக்குன்னு பாருங்க.

கோயிலுக்குள்ள போனா மண்டபத் தூண்கள்ல ஆள் உயரத்துக்கும் மேல சிற்பங்கள். வீரபத்திரர், ரதி, மன்மதன், காளி. பெரும்பாலானவங்க வரிசையில நின்னு சாமி பார்த்துட்டு, அந்தத் தூண்ல முதுகைச் சாய்ச்சு போன் பார்ப்பாங்க. அடுத்த தடவை திரும்பி அந்தத் தூணைப் பாருங்க. ஒரே கல்லுல ரதியோட விரல் நகம் வரைக்கும் செதுக்கியிருக்கான் ஒருத்தன். அவன் பேர் எங்கேயும் இல்லை.

ராஜா யாரைக் கும்பிட்டார்?

இப்போ இந்த எபிசோடோட முக்கியமான இடத்துக்கு வர்றேன்.

பொதுவா ராஜாக்கள் கல்வெட்டு எப்படி முடியும்? இந்த தர்மத்துக்குக் கேடு செய்றவன் கங்கைக்கரையில காராம்பசுவைக் கொன்ன பாவத்துல போவான், அப்படின்னு சாபத்துல முடியும். பராக்கிரம பாண்டியன் பேர்ல தென்காசிக் கோயில்ல இருக்கிற ஒரு பாட்டுக் கல்வெட்டு வேற மாதிரி. அதோட சாரம் இதுதான்: இந்தக் கோயிலுக்கு என்னைக்காவது ஏதாவது பழுது வந்தா, அதைச் சரி செஞ்சு காப்பாத்துறவங்க யாரா இருந்தாலும் சரி, உலகமே பார்க்க நான் அவங்களை வணங்குறேன்.

கொஞ்சம் நிதானிச்சு யோசிங்க. கட்டடம் முழுசா எழும்புறதுக்கு முன்னாடியே, அது ஒருநாள் சிதையும்னு ஒரு அரசனுக்குத் தெரிஞ்சிருக்கு. தன் வம்சம் அப்போ இருக்காதுன்னும் தெரிஞ்சிருக்கு. வர்றவன் எந்த ஜாதி, எந்த நாடு, எந்த வம்சம்னு கேட்கலை. சரி செய்றியா, உன் கால்ல விழுறேன். அவ்வளவுதான்.

ராஜகோபுர வேலையை 1450-களில் தொடங்கினார். முடிக்கிறதுக்கு முன்னாடி அவர் காலம் முடிஞ்சது. அடுத்து வந்த குலசேகர பாண்டியன் முடிச்சார். ஆக, கட்டினவரே அடுத்தவர் கையை நம்பித்தான் போயிருக்கார்.

அவர் பயந்த மாதிரியே நடந்தது. கோபுரத்தோட அடிப்பகுதி கருங்கல். மேல் நிலைகள் செங்கலும் சுண்ணாம்பும், நடுவுல மர உத்திரம். இந்த மேல்பகுதிதான் எந்தக் கோபுரத்துக்கும் பலவீனம். தென்காசிக் கோபுரம் மேல இருந்து பிளந்து சிதைஞ்சது. இடி விழுந்ததுன்னு சிலர் சொல்வாங்க, தீப்பிடிச்சதுன்னு சிலர் சொல்வாங்க. எப்படியோ, பல தலைமுறைக்கு அது மொட்டைக் கோபுரம்தான். தாத்தா பாட்டி யாராவது தென்காசிக்காரங்களா இருந்தா கேட்டுப் பாருங்க, நடுவுல பிளந்து நின்ன கோபுரத்தைப் பத்தி சொல்வாங்க.

அப்புறம் 20-ஆம் நூற்றாண்டுல திருப்பணி நடந்து, பா. சிவந்தி ஆதித்தன் முன்னின்று நடத்தின முயற்சியோட, 1990-ல கோபுரம் மறுபடி முழுசா எழுந்து குடமுழுக்கு ஆச்சு. அதாவது இன்னைக்கு நீங்க செல்ஃபி எடுக்கிற கோபுரத்தோட கீழ்ப்பகுதி 15-ஆம் நூற்றாண்டு, மேல்பகுதி உங்க அண்ணன் வயசு.

அப்போ அது "பழைய" கட்டடமா, புதுசா? நண்பர்கள் மத்தியில இதைப் போட்டுப் பாருங்க, ஒரு மணி நேரம் ஓடும். சுத்தமான பழமைதான் வேணும்னு சொல்றவங்க, "பிளந்தபடியே விட்டிருக்கணும், அதுதான் உண்மையான வரலாறு"ம்பாங்க. கும்பிட வர்றவங்களுக்கு அது மியூசியம் இல்லை, வீடு மாதிரி. கூரை ஒழுகினா மாத்தத்தான் வேணும். இந்தச் சண்டைல ராஜா யார் பக்கம்னு கல்வெட்டே சொல்லிடுச்சு. அவர் செப்பனிடுறவங்க பக்கம்.

ஆனா ஒரு விஷயம். பழுதை நீக்கச் சொன்னாரே தவிர, நீக்குறேன்னு சொல்லிப் புதுப் பழுதை உண்டாக்கச் சொல்லலை. தமிழ்நாட்டுல பல கோயில்கள்ல திருப்பணின்ற பேர்ல மணல் வீச்சு அடிச்சு, கல்வெட்டு எழுத்து தேஞ்சு போயிருக்கு. சுண்ணாம்பு இருந்த இடத்துல சிமெண்ட் பூசி, கல் மூச்சு விட முடியாம வெடிச்சிருக்கு. பழைய சுவரோவியத்து மேல வெள்ளை அடிச்சிருக்காங்க. தென்காசிக் கோயிலுக்கு 2025 ஏப்ரல்ல மறுபடி குடமுழுக்கு நடந்தப்போ, வேலை சரியா முடிஞ்சதான்ற கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போச்சு. அந்தக் கேள்வி வந்ததே நல்லதுதான். செய்த வேலையைப் பத்தி ஊர் கேள்வி கேட்கிறதும் ஒரு வகைப் பராமரிப்புதான்.

சாமி சிலை இல்லாத நடனசபை

தென்காசில இருந்து ஐந்தாறு கிலோமீட்டர், குற்றாலம். பேரருவிக்குப் பக்கத்துலேயே குற்றாலநாதர் கோயில். சங்கு வடிவத்துல அமைஞ்ச கோயில்னு சொல்வாங்க. திருஞானசம்பந்தர் பாடின தலம். இதுல ஒரு ருசியான தகவல்: கோயிலுக்கு ஒரு பதிகம், அங்க இருக்கிற குறும்பலா மரத்துக்குத் தனியா ஒரு பதிகம். ஒரு பலா மரத்துக்குத் தேவாரப் பதிகம் கிடைச்சிருக்கு பாருங்க. பாரம்பரியப் பட்டியல்ல மரத்தையும் சேர்க்கணும்னு நம்மாளுங்க அப்பவே முடிவு பண்ணியிருக்காங்க.

ஆனா நீங்க கட்டாயம் பார்க்க வேண்டியது அந்தக் கோயிலைத் தாண்டி, தனியா இருக்கிற சித்திர சபை. நடராஜருக்கு ஐந்து சபை. சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு ரத்தினம், குற்றாலம் சித்திரம். மத்த இடத்துல எல்லாம் நடராஜர் சிலையா ஆடுறார். இங்க மட்டும் ஓவியமா ஆடுறார். சபையே மர வேலைப்பாடும் சுவரோவியமும்தான். சுவர் முழுக்க சிவன், அம்மன், திருமால், புராணக் காட்சிகள்.

குளத்தங்கரை, சாரல், எப்பவும் ஈரம். இப்படி ஒரு இடத்துல சுவரோவியம் தாக்குப்பிடிக்கிறது லேசு இல்லை. ஓவியத்துக்கு முதல் எதிரி ஈரம். இரண்டாவது எதிரி நம்ம கைதான். சுவர்ல காதலி பேர் எழுதுறவங்க, தடவிப் பார்க்கிறவங்க, பிளாஷ் அடிக்கிறவங்க. அருவியில சீசனுக்கு லட்சக்கணக்குல கூட்டம். சித்திர சபைல பல நேரம் நாலு பேர்தான் இருப்பாங்க. அந்த நாலு பேரும் ஒழுங்கா இருந்தா போதும்.

குற்றாலத்தைப் பத்தி பேசிட்டு குறவஞ்சியைச் சொல்லாம போக முடியாது. பக்கத்துல மேலகரத்துல இருந்த திரிகூடராசப்பக் கவிராயர் எழுதினது குற்றாலக் குறவஞ்சி. 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கம், மதுரை நாயக்கர் காலம். அந்த நூலுக்குப் பரிசா கொடுத்த நிலத்துக்குப் பேரே குறவஞ்சி மேடு. நிலத்துக்கு ஒரு நூலோட பேர்! கட்டடம் மட்டும்தான் நினைவுச்சின்னம்னு யார் சொன்னா?

துரைமாரும் ஜாதிக்காயும்

அடுத்தது கம்பெனிக் காலம். ஜான் சல்லிவன் 1819-ல நீலகிரிக்கு ஏறினதுன்னு படிச்சிருப்பீங்க. அதுக்கு முன்னாடியே வெள்ளைக்காரத் துரைமாருக்குக் குற்றாலம் தெரியும். 1790-களோட கடைசில இருந்தே கிழக்கிந்தியக் கம்பெனி இங்க வாசனைத் தோட்டம் போட ஆரம்பிச்சது. ஏன்? ஜாதிக்காய், கிராம்பு ரெண்டும் அதுவரைக்கும் டச்சுக்காரங்க பிடியில இருந்த மொலுக்காத் தீவுகளோட சரக்கு. 1796-ல ஆங்கிலேயர் அந்தத் தீவுகளைப் பிடிச்சதும், செடிகளை எடுத்துட்டு வந்து தங்களோட மண்ணுல வளர்க்கப் பார்த்தாங்க. மழையும் நிழலும் மிதமான வெப்பமும் இருக்கிற இடம் தேடினப்போ, குற்றாலம் கிடைச்சது. அப்புறம் 1830-களில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் இங்க வந்து செடிகளைச் சேகரிச்சுப் பதிவு பண்ணினார்.

சீசன் கடைகள்ல மங்குஸ்தான், ரம்புத்தான், துரியன் எல்லாம் பார்க்கிறீங்களே, அதெல்லாம் தமிழ்நாட்டுச் சமவெளிப் பழங்கள் இல்லை. கடல் தாண்டி வந்த மரங்கள். துரைமாரோட பங்களா பாதி இடிஞ்சிருக்கலாம். கிலோ கணக்குல நீங்க பேரம் பேசுற அந்த மரங்களோட கதை ஓடிக்கிட்டே இருக்கு.

அதே சாரலுக்கு திருவிதாங்கூர் ராஜாக்களும் வந்தாங்க. குற்றாலத்துல இருக்கிற அவங்க அரண்மனை இன்னைக்கும் கேரள அரசோட சொத்து. தமிழ்நாட்டு மண்ணுல கேரளப் பொதுப்பணித்துறை பார்த்துக்கிற ஒரு அரண்மனை! செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர், அப்புறம் திரு-கொச்சி மாநிலத்துல இருந்தது. மொழிவாரி மாநிலம் பிரிச்சப்போதான் இந்தப் பக்கம் வந்தது. ஊர் எல்லை மாறினதும் கட்டடம் எழுந்து நடந்து போயிட முடியுமா? அது அங்கேயேதான் நிக்குது, காகிதம் மட்டும் வேற தலைநகரத்துல.

பதிமூணு கண் பாலமும் ஒரு தொட்டி வீடும்

கணவாய் வழியா 1904-ல செங்கோட்டை–புனலூர் ரயில் பாதை வந்தது. மலையைக் குடைஞ்சு, பள்ளத்துக்கு மேல கல் பாலம் கட்டின மீட்டர் கேஜ் பாதை. அதுல கழுதுருட்டிக்குப் பக்கத்துல இருக்கிற பதிமூணு கண் பாலத்தைக் கொல்லம் ரோட்டுல போகும்போது பார்த்திருப்பீங்க. 2010-ல மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தி, 2018-ல அகலப் பாதையா மறுபடி திறந்தாங்க. பாலத்தை இடிக்கலை. பலப்படுத்தி, அதே பாலத்து மேலதான் இப்பவும் ரயில் ஓடுது. பராக்கிரம பாண்டியன் சொன்ன செப்பனிடுதலுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை. மூடி வச்சு மாலை போடலை. வேலை வாங்கிக்கிட்டே காப்பாத்துறாங்க.

கடைசியா ஒருத்தர். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார், 1882-ல பிறந்து 1954-ல மறைஞ்சவர். கம்பனைச் சாதாரண ஆளுக்கும் ருசிக்கக் கத்துக் கொடுத்தவர். அவரோட இலக்கியக் கூட்டத்துக்குப் பேர் வட்டத்தொட்டி. அது கூடினது திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டு முற்றத்துல. வீட்டு நடுவுல வெளிச்சத்துக்கும் மழைக்கும் திறந்து விட்ட அந்தத் தொட்டிக்கட்டுதான் பேரையே கொடுத்தது. பிற்காலத்துல அவர் குற்றாலத்துல வந்து தங்கினார். ராஜாஜி, கல்கின்னு அவரைத் தேடி அங்க போகாத ஆள் இல்லை. இப்போ யோசிங்க, அந்த மாதிரித் தொட்டிக்கட்டு வீடு உங்க ஊர்ல எத்தனை மிச்சம் இருக்கு? மத்தியச் சட்டப்படி, தொல்லியல் துறை பாதுகாக்கிற சின்னம் ஆகணும்னா குறைஞ்சது நூறு வருஷம் பழசா இருக்கணும், தேசிய முக்கியத்துவமும் வேணும். நாட்டு ஓடு போட்ட, திண்ணை வச்ச ஒரு வீட்டுக்கு அந்த முக்கியத்துவத்தை யார் கொடுப்பா? சொத்துப் பங்கு பிரிச்சதும் ஜேசிபி வரும், ஒரே காலைல முடிஞ்சிடும். அங்க வாழ்றவங்க மேலயும் குறை சொல்ல முடியாது. மூணு பங்காளிக்கு ஒரு முற்றம் பத்தாது, ஓடு மாத்த ஆளும் கிடைக்காது. அந்தச் செலவுக்கு யாராவது கை கொடுத்தா ஒழிய அந்த வீடுகள் நிக்காது.

2019-ல தென்காசி தனி மாவட்டம் ஆச்சு. புது ஆபீஸ், புது ரோடு, புதுக் கட்டடம் எல்லாம் வரும், வரட்டும். அந்த வேகத்துல எது போகுதுன்னு எழுதி வைக்கிற ஆள் வேணும்.

அதனால ரெண்டே ரெண்டு விஷயம் கேட்கிறேன். ஒண்ணு, அடுத்த சீசன் ட்ரிப்ல அரை நாளைப் பிரிச்சு வைங்க. காலைல கூட்டம் வர்றதுக்கு முன்னாடி சித்திர சபை, மதியம் தென்காசிக் கோயில் தூண்கள், நேரம் இருந்தா வழியில இலஞ்சி குமாரர் கோயில். அருவி எங்கேயும் ஓடிடாது. ரெண்டு, உங்க சொந்த ஊர்ல நூறு வருஷம் தாண்டின ஒரே ஒரு கட்டடத்தைப் பிடிங்க. கோயில், சர்ச், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், சத்திரம், கிணறு, எதுவா இருந்தாலும் சரி. நாலு பக்கமும் போட்டோ எடுங்க. வீட்டுப் பெரியவங்ககிட்ட அதைப் பத்திக் கேட்டு ரெக்கார்ட் பண்ணுங்க. ஒரு பக்கம் எழுதி வைங்க. நாளைக்கு அதைச் சரி செய்ய வர்றவனுக்கு, முன்னாடி அது எப்படி இருந்ததுன்னு தெரியணும் இல்லையா? அந்த ஒரு பக்கம் இல்லாமத்தான் பல திருப்பணி தப்பா போயிடுது.

செப்பனிடுறவங்களுக்கு அறுநூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு ராஜா கும்பிடு போட்டு வச்சிருக்கார். அதுல ஒரு பங்கு உங்களுக்கும் சேரட்டும்.

எழுதினதை எங்களுக்கும் அனுப்புங்க, நல்லதா நாலைஞ்சை ஒரு எபிசோடுல வாசிக்கிறோம். அடுத்த வாரம் வேற ஒரு ஊர்ல சந்திப்போம்.